15,450 ரூபாய்க்கு ஒரு பருந்து!

கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேலே 'ங்ங்ங்...' என்று கொசுவின் பெரியப்பா மாதிரி ஒன்று பறந்து, மாப்பிள்ளையின் இளவழுக்கையை வளைத்து வளைத்துப் படம் பிடிக்கிறதே, அதை நாமே செய்ய முடியுமா? முடியும். தீபாவளி போனஸ், பொறுமை, வீட்டில் அனுமதி மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் சிரமம்.

எனக்கு அனுமதி வாங்கித் தந்தவர் அப்பா. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர் ஏரியின் கடைமடையில் ஒண்ணரை ஏக்கர் இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் எட்டவில்லை. மழையில் குறையில்லை, வரத்துக் கால்வாயில் எங்கேயோ அடைப்பு என்பது அப்பாவின் கட்சி. "எங்கேன்னு காட்டுங்க பெரியவரே" என்கிறார்கள் பஞ்சாயத்தில். முட்டி தேய்ந்த 74 வயதுக்காரர் சீமைக் கருவேலக் காட்டுக்குள் புகுந்து எதைக் காட்டுவது?

"செலவு பதினஞ்சாயிரத்தைத் தாண்டக் கூடாது" என்றாள் என் மனைவி, நிதி மந்திரி தோரணையில்.

கடையில் ரெடிமேடாக வாங்கலாமே என்பீர்கள். வெளிநாட்டு ட்ரோன்களை முழுசாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே ரிச்சி தெருவில் பாதி, ஆன்லைனில் பாதி என்று பொறுக்கினேன். நான்கு கை உள்ள பிளாஸ்டிக் சட்டம் 950. மோட்டார் ஒன்று 500 வீதம் நான்கு. ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. என்ற துணைவன், 450 வீதம் நான்கு. மூளையாக ஒரு கேகே போர்டு 2,500. கையில் பிடிக்கும் ரிமோட் 4,500 (இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, சிக்னல் விட்டுப் போனால் மொத்தமும் போச்சு). லித்தியம் பாலிமர் பேட்டரி 1,900, சார்ஜர் 700, பத்து அங்குல இறக்கைகள் ஸ்பேரோடு 500, ஒயர், கனெக்டர், ஈயம் இத்யாதி 600. கூட்டிப் பாருங்கள், தலைப்பு வரும். 450 ரூபாய் உபரியை மந்திரி சபை துணை பட்ஜெட்டில் பாஸ் செய்தது. கேமரா? மச்சான் பைக் டூருக்கு வாங்கி அலமாரியில் போட்டிருந்த ஆக்‌ஷன் கேமரா. ஓசி!

ஆன்லைனில் வந்த ஈ.எஸ்.சி.களில் ஒன்று பிறக்கும்போதே பரலோகம் போயிருந்தது. மாற்றித் தர பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு இறக்கையும் ஒரே பக்கம் சுற்றினால், நியூட்டன் சும்மா விடமாட்டார். உடம்பு எதிர்ப்பக்கம் தட்டாமாலை சுற்றும். அதனால் இரண்டு வலமாக, இரண்டு இடமாக. மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் பதற வேண்டாம். அதன் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் பற்றவைத்தால் திருந்திவிடும். முன்னால் போக வேண்டுமா? பின் மோட்டார்கள் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், மூக்கு சாயும், நகரும். இந்தக் கணக்கை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை போர்டு போட்டுக்கொண்டே இருக்கிறது. மனுஷனால் ஆகாது.

ஆகாது என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், முயன்றிருக்கிறார்கள். 1907-ல் பிரான்ஸில் ப்ரெகே சகோதரர்கள் நாலு சுழலி வைத்து ஓர் எந்திரம் செய்தார்கள். இரண்டடி எழும்பியது, கவிழாமலிருக்கச் சுற்றி நின்று ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்! 1924-ல் எமிஷன் என்ற பிரெஞ்சுக்காரர் நாலு சுழலியோடு எட்டு துணை விசிறி மாட்டி ஒரு கிலோமீட்டர் வட்டமடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 40 விநாடி. அப்புறம் இந்த ஜாதி எந்திரம் பெரிதாகத் தலையெடுக்கவில்லை. செல்போனுக்காகவும் வீடியோ கேமுக்காகவும் கடுகளவு ஜைரோக்கள் மலிந்த பிறகுதான் விடிவு. 2010 வாக்கில் சில ஆர்வலர்கள் நின்டென்டோ வீ விளையாட்டின் கைப்பிடியைப் பிரித்து, உள்ளே இருந்த சென்சாரை உருவி ட்ரோனில் ஒட்டினார்கள். கஞ்சனுக்குக் கஞ்சன் உதவி.

என் பருந்தின் எடை கேமராவோடு 1 கிலோ 100 கிராம். ஒவ்வொரு மோட்டாரும் சுமார் 800 கிராம் இழுக்கும். எடையைப் போல் இரண்டு மடங்கு இழுவை இருக்க வேண்டுமென்பது பொது விதி. நமக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் நேரம்? 2,200 மில்லி ஆம்பியர் பேட்டரியில் எண்பது சதவிகிதம்தான் எடுக்கலாம். அந்தரத்தில் நிற்கவே 14 ஆம்பியர் குடிக்கிறது. வகுத்தால் ஏழரை நிமிடம். நூறு வருஷத்துக்குப் பிறகும் எமிஷன் கணக்கேதான்!

இந்தப் பேட்டரி கோபக்காரப் பிறவி. உப்பிப் போனால் தொடாதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் மண்சட்டியில் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறேன். ("என் மீன்குழம்புச் சட்டி எங்க?" என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.) இன்னொன்று: மேஜையில் டெஸ்ட் செய்யும்போது இறக்கையைக் கழற்றி விடுங்கள். பத்து அங்குல பிளாஸ்டிக் விரலைப் பார்த்து ஓடாது.

முதலில் எடுத்த படம் கண்ணாடிக் கிண்ணத்தில் ஜெல்லி மாதிரி நெளிந்தது. மோட்டார் அதிர்வு. இறக்கையின் கனம் குறைந்த பக்கத்தில் துளி செலோஃபன் டேப் ஒட்டிச் சமன் செய்து, காதில் அடைக்கும் பஞ்சுத் தக்கைகள் நாலை வாங்கி கேமராவுக்கு அடியில் மெத்தை போட்டேன். செலவு நாற்பது ரூபாய். ஜெல்லி கெட்டியானது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. பொழுதுபோக்குக்கு ஓட்ட பைலட் லைசென்ஸ் வேண்டாம், பதிவெண் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டி 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் ஓரடி எழும்பக் கூடாது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை ஓகே. மாம்பலம் மொட்டை மாடிவாசிகள் ஆசையை அடக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறவும். பக்கத்து வீட்டு மாடியைப் படம் எடுப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார்.

ஞாயிறு காலை ஆறு மணி, காற்று எழும்புமுன் ஏரிக்கரை. என் போர்டில் ஜி.பி.எஸ். கிடையாது, காற்று தள்ளினால் தள்ளிக்கொண்டே போகும், கையால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகியது கைகொடுத்தது. இருநூறடி உயரத்தில் கால்வாய் மேலேயே ஓட்டிக்கொண்டு போய், ஆறாவது நிமிடம் திருப்பி இறக்கினேன். உடனடிப் படம் காட்டும் வசதிக்கெல்லாம் பட்ஜெட் ஏது? மெமரி கார்டை உருவி லேப்டாப்பில் போட்ட பிறகுதான் தெரியும்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பச்சைக் கருவேலக் கம்பளத்துக்கு நடுவே பழுப்புக் கோடாகக் கால்வாய். திடீரென்று ஓரிடத்தில் கோடு இல்லை. அதற்கு மேலே டிராக்டர் போக மண் கொட்டி ஒரு பாதை. அதற்கு அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர் வெள்ளித் தகடாக மின்னியது.

"நிறுத்து, நிறுத்து" என்றார். விரலைத் திரையில் வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. "குழாய் கூடப் போடாம மூடியிருக்கான் பாரு."

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மனுவோடு கொடுத்திருக்கிறோம். தலைவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், பார்க்கவில்லையென்றால் தாசில்தார். அப்பா அதற்கும் ஒரு காப்பி தயாராக வைத்திருக்கிறார்.

நேற்று ராத்திரி போன் செய்தார்.

"ஏம்ப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம் பறந்திருந்தா கலங்கல் வரைக்கும் தெரிஞ்சிருக்குமே. இன்னொரு பேட்டரி என்ன விலை?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அப்புறம் பேசறேம்ப்பா" என்றேன்.