ஐஸ் மேலே புல்... புல் மேலே ரகளை! தெரியுமா?

அமெரிக்காவின் பஃபலோ நகரில், நட்டநடு ஊரில், கீபேங்க் சென்டர் என்றொரு உள்ளரங்கம். சுமார் 19,000 இருக்கைகள்! குளிர்காலத்தில் அங்கே பேண்டிட்ஸ் அணியின் லக்ராஸ் ஆட்டம். நுனியில் வலை கட்டிய மட்டையாலேயே பந்தைப் பிடித்து, அதனாலேயே எறிந்து கோல் போட வேண்டும்.

வீரர்கள் ஓடும் அந்தப் பச்சைத் தரைக்கு அடியில் என்ன தெரியுமா? ஐஸ்! சேபர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கும் அதுதான் சொந்த அரங்கம். பனியை உருக்காமல், பலகை போட்டு மூடி, மேலே செயற்கைப் புல்லை விரித்துவிடுகிறார்கள். ஹாக்கியோடு இந்த ஒட்டுறவு பழசு. கோடையில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்று வயிறெரிந்த மான்ட்ரியல் ஹாக்கி முதலாளிகள் 1931 வாக்கில் கிளப்பிவிட்டதுதான் இந்த 'பாக்ஸ் லக்ராஸ்'. கனடா 1994இல் சட்டமே போட்டு லக்ராஸைக் கோடைக்கால தேசிய விளையாட்டாக்கியது. தொழில்முறை லீக் நடப்பதோ குளிரில்!

பக்கத்துக்கு, கோல் காக்கும் 'கோலி'யோடு 6 பேர். பந்து கிடைத்த 30 விநாடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். கெட்டி ரப்பர் பந்து. பலசாலிகள் வீசினால் மணிக்கு 160 கி.மீ.யைத் தாண்டும்! கோல் வாயோ நாலடி உயரம், நாலே முக்கால் அடி அகலம். அதை அடைத்தபடி, சோபாவே எழுந்து நின்றது போல் திண்டு திண்டாகக் கட்டிக்கொண்ட கோலி. பந்து எந்த வழியாகப் போகும்? போகிறதே! ஓர் அணி பத்து கோலைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம். பாட்டும் நிற்பதில்லை, ஆட்டம் ஓட ஓட ஸ்பீக்கர் அலறும். கைகலப்பு வந்தால் 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதற்கும் கைதட்டல்தான் (எனக்கென்னவோ இது மட்டும் ரசிக்கவில்லை).

இது யார் வீட்டு ஆட்டம் தெரியுமா? ஹோடினஷோனி பூர்வகுடிகளுடையது. படைத்தவனை மகிழ்விக்க, நோயாளி குணமாக ஆடிய ஆட்டம்! அந்தக் கூட்டமைப்பின் டஸ்கரோரா மக்கள் இன்றும் பஃபலோவுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். வேறொரு குடியான ஓஜிப்வேக்கள் 1763இல் செய்ததைக் கேளுங்கள்: மிச்சிலிமாக்கினாக் கோட்டை வாசலில் ஆடினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வாய்பிளந்து வேடிக்கை பார்த்தார்கள். பந்து கோட்டைக்குள் விழுந்தது. எடுக்க ஓடியவர்கள் கோட்டையையே பிடித்துவிட்டார்கள்!

பேண்டிட்ஸின் ஜான் டவாரெஸ் கதை இன்னும் வேடிக்கை. 1992 முதல் 24 சீசன்கள், 815 கோல்கள்! பிறகு பயிற்சியாளராகி 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று கோப்பைகள். ஆடிய காலத்தில் அவருக்குச் சோறு போட்ட வேலை? கனடாவில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்! ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் ஜான் டவாரெஸ் இவரல்ல. அவர் இவருடைய உடன்பிறந்தவரின் மகன்!