நெஞ்சுக்குள் ஒரு பூட்டு

கள்வனைத் தடுக்க வேண்டும். உரியவனுக்குத் திறக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையாதது பூட்டாகாது. வீட்டுக் கதவைப் பொறுத்தவரை இஃது எளிய செய்தி. மனிதனின் நெஞ்சுக்குள் பதித்த கருவிக்கு அத்தகைய பூட்டை இடுவது எங்ஙனம்? அமெரிக்கப் பேராசிரியர் கெவின் ஃபூ அவர்கள் பல்லாண்டு ஆராய்ந்து வந்துள்ள சிக்கல் இதுவே.

இதயத் துடிப்பு தடுமாறும் நோயாளரின் மார்புத் தோலின்கீழ் மருத்துவர் சிறு கருவியொன்றைப் பதித்து வைப்பதுண்டு. துடிப்பு தளர்ந்தால் அது மெல்லிய மின்சாரத்தால் தூண்டும். தாறுமாறானால் வலிய மின்னதிர்ச்சி தந்து சீராக்கும். அதன் போக்கைச் சிறிது மாற்ற வேண்டும்போதெல்லாம் மார்பைக் கீறுவது இயலுமா? ஆகவே, வெளியிலுள்ள வேறொரு கருவி வானொலி அலை வழியாக அதனோடு பேசுகிறது.

அந்தப் பேச்சைத்தான் ஆய்வாளர் ஒட்டுக்கேட்டனர். அப்போது ஆமர்ஸ்டு நகரின் மாசச்சூசெட்சுப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஃபூ, வாஷிங்டன் பல்கலைக் கழகத்துத் தடயோஷி கோனோ, இதயநோய் மருத்துவர் வில்லியம் மைசெல் ஆகியோரும் அவர்தம் மாணவரும் 2008ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். 2003இல் விற்பனைக்கு வந்த ஒருவகைக் கருவி, நோயாளரின் பெயரையும் பிறந்த நாளையும் மறைப்பின்றி அனுப்பிக் கொண்டிருந்தது. உறையிலிட்ட கடிதமாகச் செல்ல வேண்டியது அஞ்சலட்டையாகச் சென்றது என்க.

அதனினும் கொடியது மற்றொன்று. கருவிக்கு இடும் கட்டளையின் பொருளை முற்றும் அறிய வேண்டியதில்லை. அதைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்பினாலே போதும். முதலாளியின் குரலில் கிளி "கதவைத் திற" என்றாலும் திறந்துவிடும் வேலைக்காரனைப் போல் கருவி பணிந்தது. சிகிச்சையை நிறுத்தவும் மின்னதிர்ச்சியை ஏவவும் ஆய்வாளரால் முடிந்தது. இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில், சில சென்டிமீட்டர் தொலைவில், எவர் உடலிலும் இல்லாத கருவியில் செய்தவை. அன்றுவரை நோயாளர் எவருக்கும் இவ்வாறு தீங்கு நேர்ந்ததாகச் செய்தியில்லை. தீயோர்க்கு உதவக்கூடிய நுட்பங்களை ஆய்வாளர் வெளியிடாமலே விட்டதும் போற்றத்தக்கது.

கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டால் தீர்ந்ததே என அன்பர்கள் நினைக்கலாம். நோயாளர் வெளியூரில் நினைவிழந்து விழுகிறார். அறியாத மருத்துவர் ஓடி வருகிறார். சொல்லை யாரிடம் கேட்பது? கள்வனுக்கு இட்ட பூட்டு அந்த நேரத்தில் உயிரையே வாங்கிவிடும். இன்னோர் இடரும் உண்டு. வந்தவர் யாரெனச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் மின்கலம் தேயும். வேண்டுமென்றே ஓயாமல் தட்டுபவன், கதவு திறவாவிட்டாலும் மின்கலத்தை வற்றச் செய்வான். அது வற்றினால் மீண்டும் அறுவைதான்.

ஆய்வாளர் கண்ட வழி நயமானது. தட்டுபவனின் வானொலி அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, உள்மின்கலத்தைத் தொடாமல் சோதிக்கும் சிறு காவலனை அவர்கள் அமைத்தனர். யாரோ தொடர்பு கொள்ள முயல்வதை நோயாளர் உணர, அது ஒலியும் எழுப்பும். உடலுக்குள்ளிருந்து ஒலி கேட்குமா என்றறிய, அரைத்த மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் இடையே அதை வைத்துப் பார்த்தனராம்!

நினைவிழந்தவரின் சிக்கலுக்கு, ரைஸ் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தோர் 2013இல் வேறொரு விடை கூறினர். வெளிக்கருவி நோயாளரின் உடலைத் தொட்டு இதயத் துடிப்பை அளக்க வேண்டும்; உட்கருவியும் அதே நொடியில் அளக்கும். இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும். நாடி பிடித்துப் பார்ப்பவனே மருத்துவன் என்னும் பழைய வழக்கம் இங்குச் சாவியாகிறது.

வேறொரு நிறுவனம் செய்த இதயமுடுக்கிகளில் இத்தகைய குறை காணப்பட்டதால், 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,65,000 கருவிகளுக்குத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அறுவை வேண்டியதில்லை, மருத்துவரிடம் நேரில் சென்றால் மூன்று மணித்துளியில் முடியும். அதுவரை கருவி, நிமிடத்துக்கு 67 துடிப்பு என்னும் கணக்கில் இதயத்தை இயக்கிக் கொண்டிருக்கும்.