74 நாள்கள் கைதே இல்லை... அமெரிக்காவை உலுக்கிய அஹ்மத் ஆர்பெரி கொலையும் ஒரு தாயின் போராட்டமும்!

2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிரன்ஸ்விக் நகரில் வசித்த வாண்டா கூப்பர் ஜோன்ஸுக்கு அன்று மாலை காவல்துறையிடமிருந்து ஒரு போன் வந்தது. 'உங்கள் மகன் ஒரு வீட்டில் திருட முயன்றார். வீட்டு உரிமையாளர் தடுத்தபோது துப்பாக்கிக்காகக் கைகலப்பு நடந்தது. அதில் குண்டு பாய்ந்து இறந்துவிட்டார்' என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட செய்தியின் சாரம்.

இறந்தவர் அஹ்மத் ஆர்பெரி. 25 வயது கறுப்பின இளைஞர். பள்ளி நாள்களில் கால்பந்து அணியில் ஆடியவர், தினமும் ஓடும் பழக்கம் உள்ளவர். அவரைச் சுட்டவர் எந்த வீட்டின் உரிமையாளரும் இல்லை. அஹ்மத் எதையும் திருடியதற்கான ஆதாரமும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் நீதிமன்றத்தில் நிலைநாட்ட அந்தத் தாய் ஒன்றே முக்கால் வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். சட்டில்லா ஷோர்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில், பாதி கட்டிய நிலையில் இருந்த ஒரு வீட்டுக்குள் அஹ்மத் நுழைந்து சில நிமிடங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறும் கையோடு வெளியே வந்து ஓட ஆரம்பித்தார். அங்கிருந்த கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பும் அவர் அங்கு வந்துபோனதுண்டு. வேறு சிலரும் வந்துபோயிருக்கிறார்கள். அவர் ஓடுவதைப் பார்த்த கிரெகரி மெக்மைக்கேல், தன் மகன் டிராவிஸை அழைத்தார். அப்பா கையில் கைத்துப்பாக்கி, மகன் கையில் ஷாட்கன். இருவரும் பிக்கப் டிரக்கில் ஏறித் துரத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வில்லியம் பிரையன் என்ன விஷயம் என்றே தெரியாமல் தன் டிரக்கையும் எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். துரத்திக்கொண்டே போனில் வீடியோவும் எடுத்தார்.

சுமார் ஐந்து நிமிடத் துரத்தல். அவசர எண்ணுக்கு போன் செய்த கிரெகரியிடம் என்ன அவசரம் என்று கேட்டபோது அவர் சொன்னது, 'ஒரு கறுப்பின ஆண் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறான்' என்பதுதான். திருட்டு என்றோ, கொள்ளை என்றோ சொல்லவில்லை. கடைசியில் டிரக்கை நிறுத்திவிட்டு ஷாட்கனோடு இறங்கி நின்றார் டிராவிஸ். அஹ்மத் டிரக்கைச் சுற்றிக்கொண்டு ஓட, இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். மூன்று முறை சுட்டார் டிராவிஸ். அஹ்மத் சாலையிலேயே விழுந்து இறந்தார். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை.

'என் துப்பாக்கியைப் பிடுங்க வந்தான், தற்காப்புக்காகச் சுட்டேன்' என்றார் டிராவிஸ். போலீஸ் அன்று யாரையும் கைது செய்யவில்லை.

கைமாறிக்கொண்டே இருந்த வழக்கு

ஜார்ஜியாவில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். யார் மீது வழக்கு தொடுப்பது, யாரை விடுவது என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லும் அளவுக்கு அதிகாரம் உண்டு. பிரன்ஸ்விக் பகுதியின் அரசு வழக்கறிஞர் ஜாக்கி ஜான்சன். கிரெகரி மெக்மைக்கேல் முன்னாள் போலீஸ்காரர் மட்டுமல்ல, அதே ஜான்சனின் அலுவலகத்தில் புலனாய்வாளராகப் பல வருடங்கள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதனால் வழக்கிலிருந்து விலகுவதாக ஜான்சன் அறிவித்தார்.

அடுத்து வந்தவர், பக்கத்துப் பகுதியான வேக்ராஸின் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் பார்ன்ஹில். அவருடைய மகன் வேலை பார்ப்பதோ ஜான்சன் அலுவலகத்தில்! இது தெரியவந்ததும், 'நீங்கள் விலக வேண்டும்' என்று கேட்டவர் வாண்டாதான். ஏப்ரல் தொடக்கத்தில் பார்ன்ஹில் விலகினார். ஆனால், போகிற போக்கில் போலீஸுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். 'சந்தேகத்துக்குரிய குற்றவாளியைப் பிடிக்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. துப்பாக்கியைப் பிடுங்க அஹ்மத் முயன்றதால் டிராவிஸ் சுட்டது தற்காப்பு. எனவே, கைது செய்யக் காரணம் இல்லை' என்பது அதன் சாரம். பிரையன் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகு எழுதிய கடிதம் அது.

வழக்கு மூன்றாவதாக டாம் டர்டன் என்பவரிடம் போனது. கொரோனா ஊரடங்கு நேரம் வேறு. கூட்டம் கூட முடியாது, நீதிமன்றங்களும் முழுமையாக இயங்கவில்லை. அஹ்மத்தின் நண்பர்களும் குடும்பத்தினரும் ஆன்லைனில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பத்திரிகையாளர்கள் சிலர் விடாமல் ஆவணங்களைத் தோண்டினார்கள்.

மே 5-ம் தேதி அந்த வீடியோ வெளியானது. வெளியிட்டது அஹ்மத் தரப்பு அல்ல. மெக்மைக்கேல் தரப்புக்குத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர்தான் அதை ஒரு வானொலி நிலையத்திடம் கொடுத்தார். வதந்திகளுக்கு முடிவு கட்டலாம் என்பது அவர் கணக்கு. நாடே கொதித்தது. மாநிலப் புலனாய்வுத் துறை களமிறங்கியது. மே 7-ம் தேதி தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டார்கள். அஹ்மத் இறந்து 74 நாள்கள் ஆகியிருந்தன. மறுநாள் அவருடைய 26-வது பிறந்தநாள். பல நகரங்களில் மக்கள் அவர் இறந்த தேதியைக் குறிக்கும் வகையில் 2.23 மைல் தூரம் ஓடினார்கள். வீடியோ எடுத்த பிரையன் மே 21-ல் கைதானார்.

தற்காப்பு யாருடையது?

2021 அக்டோபரில் பிரன்ஸ்விக்கில் விசாரணை தொடங்கியது. 12 ஜூரிகளில் 11 பேர் வெள்ளையர்கள், ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். நீதி கிடைக்குமா என்று பலரும் சந்தேகப்பட்டதில் ஆச்சர்யமில்லை.

அரசுத் தரப்பில் வாதாடிய லிண்டா டுனிகோஸ்கி, இனம் பற்றி அதிகம் பேசவில்லை. அது சிலருக்கு வருத்தம்தான். அவர் பிடித்தது வேறு நூல். மோதலைத் தொடங்கியவரே தற்காப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் அது. தன் கண்முன் நடந்த அல்லது உடனடியாகத் தெரியவந்த குற்றத்துக்குத்தான் குடிமகன் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்க முடியும். அன்று அஹ்மத் என்ன குற்றம் செய்தார் என்று மூவருக்குமே தெரியாது. 'எலியைப் போலச் சிக்கிக்கொண்டான்' என்று சம்பவத்துக்குப் பிறகு போலீஸிடம் கிரெகரி சொன்ன வார்த்தை ஜூரிகள் முன் வைக்கப்பட்டது. இரண்டு டிரக்குகளுக்கு நடுவே மாட்டிய, ஆயுதமில்லாத மனிதருக்கு அல்லவா தற்காப்பு உரிமை இருந்திருக்க வேண்டும்?

டிராவிஸே சாட்சிக் கூண்டில் ஏறினார். துப்பாக்கி தன் கையைவிட்டுப் போனால் உயிர் போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில், அஹ்மத் தன்னை வாய்வார்த்தையாகக்கூட மிரட்டவில்லை, ஆயுதம் எதையும் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் இறுதி வாதத்தில், இறந்தவரின் கால் நகங்கள் அழுக்காக இருந்ததை எல்லாம் இழுத்தார். வாண்டா எழுந்து வெளியே போனார்.

நவம்பர் 24-ல் தீர்ப்பு. டிராவிஸ் மீதான ஒன்பது குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின. மற்ற இருவரும் கொலைக் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். 2022 ஜனவரி 7-ல் தண்டனையை அறிவிக்கும் முன் நீதிபதி டிமதி வால்ம்ஸ்லி ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் அமர்ந்திருந்தார். அஹ்மத் துரத்தப்பட்ட ஐந்து நிமிடங்களில் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை உணர்த்துவதற்காக. தந்தை, மகனுக்கு பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. பிரையனுக்கும் ஆயுள்தான், 30 ஆண்டுகளுக்குப் பிறகு பரோல் கேட்கலாம்.

அதோடு வாண்டா ஓயவில்லை. மத்திய அரசு தனியாகத் தொடுத்த வெறுப்புக் குற்ற வழக்கில், மெக்மைக்கேல்களோடு சமரச ஒப்பந்தம் ஒன்று பேசப்பட்டது. அதன்படி அவர்கள் மாநிலச் சிறைக்குப் பதில் மத்திய சிறையில் தண்டனையைக் கழிக்கலாம். அதைக் கடுமையாக எதிர்த்தார் வாண்டா. நீதிபதி ஒப்பந்தத்தை நிராகரித்தார். விசாரணை நடந்தது, 2022 பிப்ரவரியில் மூவரும் அதிலும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

இதற்கிடையே சட்டங்களும் மாறின. வெறுப்புக் குற்றங்களுக்கென்று சட்டமே இல்லாத மாநிலமாக இருந்த ஜார்ஜியா, 2020 ஜூனில் ஒன்றை இயற்றியது. பார்ன்ஹில் கடிதத்தில் மேற்கோள் காட்டிய குடிமக்கள் கைதுச் சட்டம், அடிமை முறை நடைமுறையில் இருந்த 1863-ல் வந்தது. அது 2021 மே மாதம் ரத்தானது.

கைது தாமதமானதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. 2020 தேர்தலில் பதவி இழந்த ஜாக்கி ஜான்சன் மீது, மெக்மைக்கேல்களுக்குச் சாதகமாக நடந்துகொண்டதாக 2021 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்தார். 2025 தொடக்கத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, வழக்கு ஜூரிகளின் முடிவுக்குப் போகாமல் நீதிபதியாலேயே முடித்துவைக்கப்பட்டது.