புல் வெட்டும் மெஷின் வாங்கும் முன் ஓர் எக்ஸெல் ஷீட்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, வாங்க நினைக்கும் பொருளின் விலையை இன்டர்நெட்டில் தேடிப் பார்ப்பது. வீட்டைச் சுற்றி ஐந்து பத்து சென்ட் இடம் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் தேடுவது புல் வெட்டும் மெஷினை. கோரையும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். வெட்ட ஆள் கிடைப்பது சிரமம். பிரஷ் கட்டர் என்று டைப் செய்து என்டர் தட்டினால் திரை முழுக்க மெஷின்கள் வந்து நிற்கின்றன. 52 சிசி, 5 எச்.பி., 20 வோல்ட் மேக்ஸ், 4 ஆம்பியர் அவர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு சொல்கிறது.

இதில் குழம்பி, விலை குறைவாக இருப்பதை வாங்குபவர்களே அதிகம். அடுத்த மழைக்குள் அந்த மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் ஷெட்டில் மூலையில் கிடக்கும். பழுது பார்க்க எடுத்துச் சென்றால் ஸ்பேர் கிடைக்காது என்பார் மெக்கானிக். போட்ட பணம் போனதுதான். இந்த நிலை வராமலிருக்க, உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். எல்லா மெஷின்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்து ஒப்பிடுவது எப்படி, வாங்கிய பின் அதே பைலை வைத்து மெஷினைப் பராமரிப்பது எப்படி எனப் பார்ப்போம்.

எச்.பி. கணக்கு

புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடவும். முதல் வரிசையில் மாடல், வகை, சிசி, எச்.பி., கிலோவாட், எடை, விலை எனத் தலைப்புகளை அமைத்திடவும். சில நிறுவனங்கள் சக்தியை எச்.பி.யிலும் சில கிலோவாட்டிலும் தருகின்றன. ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட். கிலோவாட் கட்டத்தில் சமக்குறி தட்டி, எச்.பி. உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி தட்டி, 0.746 என டைப் செய்து என்டர் தட்டவும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற மெஷின்களுக்கும் கணக்கு தானாக வந்துவிடும்.

இப்போது நம்பகமான சில அளவுகளைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 என்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 35.8 சிசி, அது தரும் சக்தி சுமார் 1 கிலோவாட். ஜெர்மனியின் ஸ்டீல் நிறுவனத்தின் எஃப்எஸ் 250 என்ற இரண்டு ஸ்ட்ரோக் மெஷின் 40.2 சிசி, அதன் சக்தி 1.6 கிலோவாட். அப்படியானால் 52 சிசி மெஷின் 5 எச்.பி. தருகிறது என்று விளம்பரம் சொன்னால் என்ன அர்த்தம்? ஷீட் 3.7 கிலோவாட் எனக் காட்டும். எஃப்எஸ் 250 மெஷினின் கணக்கில் பார்த்தால் 52 சிசிக்கு 2 கிலோவாட்டை ஒட்டித்தான் வர வேண்டும். எண்ணைப் பெரிதாக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சக்தியிலேயே இப்படி எழுதுபவர், மற்ற விவரங்களை எப்படி எழுதியிருப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் இருக்கும் சூட்சுமம்

பேட்டரி மெஷின்களில் 18 வோல்ட் என்று ஒன்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே. உள்ளே இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் சராசரிக் கணக்கில் 18, உச்சக் கணக்கில் 20. அதே போல 40 வோல்ட் மேக்ஸ் என்பது 36 வோல்ட். உங்கள் ஷீட்டில் எப்போதும் சராசரிக் கணக்கையே போட்டிடவும்.

வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வருவது வாட் அவர். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இதுதான். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரியில் 72 வாட் அவர். 36 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 144. மெஷின் சராசரியாக 300 வாட் இழுக்கிறது என வைத்துக்கொண்டால், முதலாவது சுமார் 14 நிமிடம் ஓடும். இரண்டாவது சுமார் 29 நிமிடம். பத்து சென்ட் இடத்தை 14 நிமிடத்தில் வெட்டி முடிக்க முடியாது. எனவே இரண்டாவது பேட்டரியின் விலையையும் சார்ஜரின் விலையையும் தனிக் கட்டங்களில் எழுதி, மெஷின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பேட்டரி சேர்க்காமல் மெஷினை மட்டும் விலை போட்டு விற்பதும் உண்டு என்பதால் இந்தக் கூட்டல் அவசியம்.

எந்த இடத்திற்கு எது?

வாசல் ஓரம், இரண்டு மூன்று சென்ட் புல்தரை என்றால் வயர் இணைக்கும் மின்சார டிரிம்மரே போதும். ஆனால் வெளியில் பயன்படுத்தும் பிளக் பாயிண்டிற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். ஈரத் தரையில் வயர் அறுந்தால் உயிரைக் காப்பது அதுதான். சத்தம் வேண்டாம், புகை வேண்டாம், அரை மணி நேர வேலைதான் என்பவர்களுக்குப் பேட்டரி மெஷின். தென்னந்தோப்பு, புதர், தடித்த தண்டு என்றால் எஞ்சின் மெஷின்தான் தாக்குப் பிடிக்கும்.

எஞ்சினிலும் இரண்டு வகை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனி. பெட்ரோலில் கலக்கக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதோடு எஞ்சின் முடிந்தது. கலவை 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது மெஷினையும் ஆயிலையும் பொறுத்தது. 1000த்தைக் கலவை எண்ணால் வகுத்து, லிட்டரால் பெருக்கும் சிறு கணக்கை ஷீட்டில் போட்டு, பிரிண்ட் அவுட் எடுத்து ஷெட் சுவரில் ஒட்டிவிடவும். வேலைக்கு வருபவருக்கும் அது உதவும்.

விலை கொடுக்கும் முன் மேனுவல்

பலரும் மெஷின் வந்த பிறகுதான் மேனுவலைப் பிரிப்பார்கள். இன்டர்நெட் இருப்பதால் நாம் அதை முன்பே படிக்கலாம். மாடல் எண்ணை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து, பக்கத்தில் மேனுவல் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடவும். பிடிஎஃப் பைல் கிடைத்தால் டவுன்லோட் செய்து ஒரு போல்டரில் வைத்திடவும். அடுத்து அதே மாடல் எண்ணுடன் பார்ட்ஸ் லிஸ்ட் எனச் சேர்த்துத் தேடவும். ஒவ்வொரு உதிரிபாகமும் எண்ணுடன் படமாகப் போட்ட பைல் அது. மேனுவலும் இல்லை, உதிரிபாகப் படமும் இல்லை என்றால் அந்த மெஷினை ஷீட்டிலிருந்து நீக்கிவிடலாம்.

மிஞ்சிய மாடல்களுக்கு ஸ்டார்ட்டர் கயிறு அமைப்பு, கார்புரேட்டர் டயாப்ரம், கிளட்ச், ஏர் பில்டர் ஆகிய நான்கின் விலையைத் தேடி எழுதவும். அதிகம் தேயும் பாகங்களில் இவை முக்கியமானவை. உங்கள் ஊரில் அந்த மெஷினைப் பழுது பார்ப்பவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டு, கிடைக்கும், கிடைக்காது என்று கடைசிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளவும். விலை குறைந்த மெஷின்கள் பல இந்தக் கட்டத்தில்தான் தோற்கும். ஷீட்டில் மிக முக்கியமான கட்டமும் இதுதான்.

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவர் யார் என்பதைப் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020-இல் வந்தன. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற விவரங்களைக் காட்ட வேண்டும் என்பது அதில் உள்ளது. இவை இல்லாத பக்கத்தில் வாங்க வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கிய பின் இரண்டாவது ஷீட்

அதே பைலில் இன்னொரு ஷீட்டைத் திறந்து தேதி, ஓடிய மணி, செய்த வேலை, செலவு என நான்கு தலைப்புகள் இடவும். ஓடிய மணியை ஆட்டோ சம் மூலம் கூட்டவும். ஜிஎக்ஸ்35 எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு 50 மணி நேரத்திற்கு ஒரு முறை. ஏர் பில்டரை 25 மணி நேரத்திற்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். தூசி அதிகம் என்றால் இன்னும் முன்பாகவே. அது கொள்ளும் ஆயில் வெறும் 100 மில்லி. அந்த 100 மில்லியை மாற்றாததால் முழு எஞ்சினும் போவதுதான் வேதனை. உங்கள் மெஷினுக்கான இடைவெளியை மேனுவலில் பார்த்து எழுதவும்.

கடைசியாக ஆயில் மாற்றிய பின் ஓடிய மணியைத் தனிச் செல்லில் வரச் செய்து, அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் எனச் சென்று 45 எனக் கொடுத்திடவும். 45 மணியைத் தாண்டியதும் செல் சிவப்பாகிவிடும். ஆயில் வாங்கி வர நேரம் இருக்கும்.

அடுத்தது பெட்ரோல். இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. பல சிறிய எஞ்சின்களின் மேனுவல்களில் 10 சதவீதம் வரை என்றே இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் ரப்பர் டியூபையும் டயாப்ரத்தையும் கெடுக்கும். ஆகவே மேனுவலில் எத்தனால் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ஒரு மாதத்திற்குள் தீரும் அளவே பெட்ரோல் கலக்குங்கள். சீசன் முடிந்தால் மேனுவலில் சொன்னபடி டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

பேட்டரி மெஷினுக்கும் லேப்டாப்பிற்கும் பராமரிப்பு ஒன்றே, இரண்டிலும் லித்தியம் அயான்தான். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. ஆறிய பின் போடவும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வீட்டிற்குள் வைக்கவும். தகர ஷெட்டின் சித்திரை வெயில் பேட்டரிக்கு எமன்.

உடம்பைக் கவனியுங்கள்

கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். கண்ணாடி, காது மறைப்பு, மூடிய ஷூ இல்லாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேனுவல்கள் பொதுவாகச் சொல்லும் பாதுகாப்பு தூரம் 15 மீட்டர். அந்த வட்டத்திற்குள் குழந்தைகளோ ஆடு மாடோ இருக்கக் கூடாது. கல் நிறைந்த இடத்தில் இரும்புக் கத்தியைக் கழற்றிவிட்டு நைலான் நரம்பு மாட்டவும். சிக்கிய புல்லை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றவும். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை எடுத்துவிடவும்.

நாளை இந்த மெஷினை விற்க நினைத்தாலும் இந்த பைல் கை கொடுக்கும். பில்லின் ஸ்கேன், எஞ்சின் எண்ணின் போட்டோ, ஓடிய மணி, ஆயில் மாற்றிய தேதிகள் ஆகியவற்றைக் காட்டினால் வாங்குபவர் நம்பி நல்ல விலை தருவார். பழைய மெஷின் வாங்குபவரானால் இதே விவரங்களை நீங்கள் கேளுங்கள்.

பெட்டிச் செய்தி: நிலவும் தோட்டமும்

நைலான் நரம்பு சுழன்று புல் வெட்டும் கருவியை 1971-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ். கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்து வந்த யோசனை அது. முதல் மாதிரியில் இருந்தவை ஒரு தகர டப்பாவும் தூண்டில் நரம்பும். வயர் இல்லாத கருவிகளின் வளர்ச்சியில் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு. அப்போலோ திட்டத்திற்காக, நிலவின் தரையைத் துளைக்கும் பேட்டரி டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் வடிவமைத்தபோது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டாரைக் கணக்கிடத் தனியே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார்கள்.