காற்று ஏன் உள்ளே வருகிறது?

'மூச்சை இழுத்து விடு' என்கிறோம். ஆனால் காற்றை இழுக்கும் கருவி எதுவும் நம் மூக்கில் இல்லை. நுரையீரலுக்கும் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. காற்று நிரம்புவதால் நெஞ்சு விரிகிறது என்று பலர் எண்ணுவது தலைகீழான கணக்கு. நெஞ்சு விரிந்த பிறகே காற்று வருகிறது.

நெஞ்சறையின் அடியில், கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும் தசை பிரிமென்றகடு. அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழிறங்கும். பழுவிடைத் தசைகள் பழுவென்புகளை மேலும் வெளியுமாக உயர்த்தும். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே மெல்லிய திரவப் படலம் உண்டு. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல அது இரண்டையும் பிரியவிடாது. ஆகவே சுவர் நகர, நுரையீரலும் கூடவே விரிகிறது. (நெஞ்சில் காயம் பட்டு இவ்விடைவெளிக்குள் காற்றுப் புகுந்தால், பழுதில்லாத நுரையீரலும் சுருங்கிவிடும்.)

கனவளவு கூடினால் அமுக்கம் குறையும் என்பது போயிலின் விதி. வெளியே 760 மில்லிமீற்றர் இரசமாக இருக்கையில் உள்ளே ஏறத்தாழ 759 ஆகிறது. அந்த ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமே அரை லீற்றர் காற்றை உள்ளே அனுப்பப் போதும்! தசைகள் தளர்ந்ததும், இழுத்துவிட்ட றப்பர் போல நுரையீரல் சுருங்கி, காற்று வெளியேறும்.

அத்தசைகளே செயலிழந்தால்? இளம்பிள்ளைவாதம் அதைத்தான் செய்தது. 1928இல் பொஸ்ரனில் 'இரும்பு நுரையீரல்' பயன்பாட்டுக்கு வந்தது. தலை மட்டும் வெளியே இருக்க, நோயாளியின் உடல் ஓர் இரும்புத் தாங்கிக்குள் இருக்கும். தாங்கியினுள் அமுக்கத்தைக் குறைத்தால் நெஞ்சு விரியும், காற்று நுழையும். பிரிமென்றகட்டின் வேலையை இயந்திரம் வெளியிலிருந்து செய்தது.

1952இல் கொப்பன்ஹேகனில் நோய் பரவியபோது, அங்குள்ள தொற்றுநோய் மருத்துவமனையிலோ அத்தகைய தாங்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதற் சில வாரங்களில் மூச்சுத் தசைகள் முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது பியோர்ன் இப்சென் என்ற மருத்துவர் எதிர்வழியை எடுத்தார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, றப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். சிறுமி பிழைத்தாள்.

பை அமுக்கக் கைகள் வேண்டுமே! ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாகப் பல மாதங்கள் நோயாளிகளின் அருகே அமர்ந்து அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இங்கு மட்டும் கணக்கு உண்மையிலேயே தலைகீழ்: காற்று நுழைந்தது, அதனால் நெஞ்சு விரிந்தது. கையைத் தளர்த்தியதும் நுரையீரல் வழக்கம் போலத் தானே சுருங்கிக் காற்றை வெளியே விட்டது.