பௌத்த உளவியலில் சேதசிகங்கள்: தமிழகத்து அபிதம்ம மரபும் தியானப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

தியானம் என்பது மன ஒருமைப்பாடே என்னும் கருத்து தமிழில் பரவலாக நிலவுகிறது. தேரவாத அபிதம்ம நூல்கள் ஒருமையை எல்லா மனநிலைகளுக்கும் பொதுவான கூறாக வைத்து, நினைப்புடைமையை நல்ல மனநிலைகளுக்கே உரிய கூறாகப் பிரிக்கின்றன. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, சேதசிகப் பகுப்பு தியானப் பயிற்சிக்குக் கருவியாகும் முறையையும், அதற்கான கலைச்சொற்களை மணிமேகலை தரும் அளவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அபிதம்மம், சேதசிகம், நினைப்புடைமை, ஒருமை, மணிமேகலை.

முன்னுரை

மணிமேகலையின் பௌத்தம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் அளவையியலையும் சார்பின்தோற்றக் கொள்கையையும் மையமாகக் கொண்டவை. மனத்தை நுணுகிப் பகுக்கும் பௌத்த உளவியல் தமிழாய்வில் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வுளவியலின் தலையாய கையேடுகளை இயற்றியோரில் தமிழகத்துத் துறவியரும் இருந்தனர் என்பதால் இக்குறை எண்ணிப்பார்க்கத் தக்கது.

தமிழகத்து அபிதம்ம மரபு

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாலாற்றோடு கூடும் காஞ்சி வட்டாரமும், காவிரிக் கழிமுகமும் தமிழக பௌத்தத்தின் இரு பெரும் களங்கள். 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சி நாட்டில் ஏறத்தாழ 100 சங்காராமங்களும் 10,000 துறவியரும் இருந்ததாகவும், அவர்கள் தேரவாத நெறியைப் பயின்றதாகவும் குறித்துள்ளார். அவருக்கு முன்பே, சோழநாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் பாலி மொழியில் 'அபிதம்மாவதாரம்' என்னும் நூலை இயற்றினார். ஐங்கந்த அடிப்படையில் மனத்தை விளக்கும் முறைக்கு மாறாக, சித்தம், சேதசிகம், உருவம், நிர்வாணம் என்னும் நான்காக அவர் பொருளை வகுத்தார்.

இந்நால்வகைப் பகுப்பே அனுருத்தரின் 'அபிதம்மத்த சங்கக'த்திலும் அமைந்துள்ளது. ஒன்பது இயல்கள் கொண்ட இந்நூலின் இரண்டாம் இயல் சேதசிகங்களைப் பற்றியது. 'பரமத்த வினிச்சயம்' என்னும் நூலின் இறுதிப் பகுதி, அதன் ஆசிரியரான அனுருத்தர் காஞ்சி நாட்டுக் காவேரி நகரில் பிறந்தவர் என்கிறது. இருவரும் ஒருவரே என்பது மரபுவழிக் கருத்து. இலங்கையிலும் மியான்மரிலும் அபிதம்மம் பயில்வோர்க்கு இன்றும் முதல் நூலாக விளங்குவது அபிதம்மத்த சங்ககமே.

சேதசிகம்: பொருளும் பகுப்பும்

சித்தம் என்பது பொருளை அறிதல். அவ்வறிதலோடு உடன்தோன்றி, உடன்மறைந்து, அதே பொருளையும் அதே புலனிடத்தையும் பற்றி நிற்கும் மனக்கூறு சேதசிகம் எனப்படும். இவை 52 ஆகும். அவற்றுள் பொதுவானவை 13, தீயவை 14, நல்லவை 25.

பொதுவானவற்றுள் ஏழு, எல்லாச் சித்தங்களிலும் தவறாமல் அமைபவை. ஊறு, நுகர்வு, குறிப்பறிவு, சேதனை, ஒருமை, உயிர்ப்பாற்றல், மனங்கொளல் என அவற்றைத் தமிழில் குறிக்கலாம். எஞ்சிய ஆறும் நன்மை, தீமை ஆகிய இருவகைச் சித்தங்களிலும் இடத்திற்கேற்பத் தோன்றுபவை. முயற்சி, உவகை முதலியன இவற்றுள் அடங்கும்.

ஒருமையும் நினைப்புடைமையும்

ஒருமை இவ்வேழனுள் ஒன்றாக வைக்கப்பட்டமை ஆழ்ந்த பொருளுடையது. மானைக் குறிபார்க்கும் வேடனிடமும், பிறர் உடைமையைக் கவரக் காத்திருக்கும் கள்வனிடமும் ஒருமை உண்டு. எனவே ஒருமை மட்டுமே நல்ல தியானத்தின் அடையாளம் ஆகாது. நினைப்புடைமையோ நல்ல சேதசிகங்கள் 25இல் ஒன்று. அது நம்பிக்கை, நாணம், பழியச்சம், விழையாமை, வெறாமை முதலியவற்றோடு சேர்ந்தே தோன்றும். தீய சித்தம் எதிலும் அதற்கு இடமில்லை. திருக்குறளின் 54ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'பொச்சாவாமை' என்னும் சொல் இதனோடு பொருளால் நெருங்கியது. எனினும் அங்கு அது ஆள்வோனின் கடமை சார்ந்து பேசப்படுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முடிவு பிறக்கிறது. சினமும் நினைப்புடைமையும் ஒரே சித்தத்தில் கூடியிரா. ஆகவே, 'சினம் எழுந்தது' என்று நினைப்புடைமையோடு அறியும் சித்தம், சற்றுமுன் மறைந்த சினச் சித்தத்தைப் பொருளாகக் கொண்ட வேறொரு சித்தமாகும். அவ்வறிதல் நிகழும் கணத்தில் சினத்தின் தொடர்ச்சி அறுபடுகிறது. சதிபட்டான சுத்தம் கூறும் சித்தக் காட்சிப் பயிற்சி, சினமுள்ள மனத்தைச் சினமுள்ளது என்றே அறியச் சொல்வதன் பயனை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். சினத்தை அடக்குவதோ நியாயப்படுத்துவதோ இங்கு வேண்டப்படுவதில்லை.

தியானப் பயிற்சியில் சேதசிகங்கள்

முதல் தியான நிலைக்கு ஐந்து உறுப்புகள் கூறப்படும். அவை ஐந்து தடைகளுக்கு எதிரானவை. மனத்தைப் பொருளில் செலுத்துதல் மடியையும் சோர்வையும், அப்பொருளில் நிலைத்து ஆராய்தல் ஐயத்தையும், உவகை வெறுப்பையும், இன்பம் அலைவையும் கழிவிரக்கத்தையும், ஒருமை புலனின்ப விழைவையும் விலக்கும். எனவே 'மனம் நிலைக்கவில்லை' என்னும் பொதுவான முறையீடு பயிற்சியாளர்க்குப் போதுமானதன்று. நிலைக்காமைக்குக் காரணம் சோர்வா, ஐயமா, அலைவா என்று அறிந்தால்தான் உரிய மாற்றினைக் கைக்கொள்ள இயலும்.

விழிப்புறுப்புகள் ஏழும் இவ்வாறே பயன்படுகின்றன. மனம் சோர்ந்திருக்கையில் தம்ம ஆராய்ச்சி, முயற்சி, உவகை ஆகியவற்றை வளர்க்க வேண்டும். அலைகையில் தணிவு, ஒருமை, சமநிலை ஆகியவற்றை வளர்க்க வேண்டும். சோர்ந்த மனத்தில் தணிவை வளர்ப்பது, அணையும் தீயில் ஈரவிறகை இடுவதற்கு ஒப்பாகும். நினைப்புடைமை ஒன்றே எந்நிலையிலும் வேண்டப்படுவது என்று சங்யுத்த நிகாயம் கூறுகிறது.

மணிமேகலை தரும் கலைச்சொற்கள்

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் இறுதி அறவுரை, சார்புகள் பன்னிரண்டையும் தமிழ்ச் சொற்களால் நிரல்படுத்துகிறது. அவற்றுள் ஊறும் நுகர்வும் பொதுச் சேதசிகங்களாகவும் அமைபவை. வேட்கையும் பற்றும் சேதசிகப் பகுப்பில் அடங்குபவை. ஊறு காரணமாக நுகர்வும், நுகர்வு காரணமாக வேட்கையும் தோன்றும். நுகர்வை நுகர்வு என்றே அறிந்து, வேட்கைக்கு இடங்கொடாமல் நிற்பதே விபசனைப் பயிற்சியின் முதன்மையான இடம்.

இங்கு ஒரு சொற்சிக்கலையும் சுட்ட வேண்டும். மணிமேகலையில் 'உணர்வு' என்பது விஞ்ஞானத்தை, அதாவது அறிதலைக் குறிக்கும். இக்காலத் தமிழில் வேதனையை, அதாவது இன்பதுன்ப நுகர்ச்சியை 'உணர்வு' என்று பெயர்ப்பதும் உண்டு. இரண்டும் கலந்தால், அறிவது எது, அறியப்படுவது எது என்னும் வேறுபாடே மங்கிவிடும். பயிற்சிக்கு அவ்வேறுபாடு உயிர்நிலையானது. ஆதலின் வேதனைக்கு 'நுகர்வு' என்னும் பழஞ்சொல்லே பொருந்தும். அதே வேளையில், மணிமேகலை சேதசிகங்கள் 52ஐயும் நிரல்படுத்தவில்லை. எனவே இவ்வுறவைக் கலைச்சொல் அளவிலேயே கொள்ள வேண்டும்.

முடிவுரை

சேதசிகப் பட்டியல் மனப்பாடத்திற்குரிய எண்வரிசை மட்டுமன்று. மனத்தில் இக்கணம் எது இருக்கிறது, எது இல்லை, எதனை வளர்த்தல் தகும் என்று காட்டும் வழிகாட்டி அது. ஒருமையை மட்டுமே தியானமாகக் கொள்ளும் பார்வையில், நல்ல மனத்திற்கும் தீய மனத்திற்கும் இடையிலான கோடு மறைந்துபோகிறது. அக்கோட்டைத் தெளிவாக வரைந்த நூல்களின் ஆக்கத்தில் தமிழகத்திற்கும் பங்குண்டு. அந்நூல்களை மணிமேகலையின் சொல்வளத்தோடு இணைத்துத் தமிழில் பயில்வது, பௌத்த ஆய்வுக்கும் தியானப் பயிற்சிக்கும் ஒருங்கே பயன்தரும்.