விலை எதற்கு?

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பொங்கல் விழாப் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் பொறுப்பு என்மேல் விழுந்தது. விடுதிச் சமையற்காரரின் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் பாடும் தாலாட்டையும் பதிவு செய்வதாக வாக்களித்திருந்தேன்.

'ஆர்டர்' என்றோர் ஒலிப்பதிவு மென்பொருள் உண்டு. (ஆர்வம் என்று பொருள், கடையில் கொடுக்கும் ஆர்டர் அன்று!) பால் டேவிஸ் என்பார் தொடங்கியது. அதன் மூலநிரலை எவரும் விலையின்றிப் பெறலாம்; திருத்தலாம்; பிறர்க்கும் வழங்கலாம். ஆனால், உடனே இயங்கும் வடிவில் அவர்களிடமிருந்து பெற வேண்டுமாயின் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டாமல் பெறும் பிரதி பத்து நிமிடங்களுக்குப் பின் அவ்வப்போது ஊமையாகிவிடும். "இலவசம் என்று சொல்லிவிட்டு விலை கேட்பதா?" என்று எனக்குச் சினம் வந்தது. நானே கம்பைல் செய்வதென்று முடிவு கட்டினேன்.

மூலநிரல், மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம். கம்பைலர் அதனைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தர வேண்டும். நெல்லும் சோறும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் இலவசமாகக் கிடைத்தது; குத்திப் புடைத்து உலையிலிட நான் முனைந்தேன்.

'பூஸ்ட்' என்னும் நிரல் நூலகம் இல்லை என்று பொறி நின்றது. அதைக் கொணர்ந்தால் வேறொன்றைக் கேட்டது. அதைத் தந்தால் அதன் பதிப்புப் பழையது என்றது. இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் நாள் விடியலில் மென்பொருள் இயங்கியது. துள்ளிக் குதித்தேன். ஆனால் முதல்நாள் மாலையே அந்த அம்மையார் ஜி.டி. வண்டியேறிப் போய்விட்டார்.

இத்தனைக்கும் டெபியன் லினக்ஸ்காரர்கள் அதே மென்பொருளைக் கம்பைல் செய்து விலையின்றியே தருகிறார்கள். சற்றுப் பழைய பதிப்பு; ஒரு தாலாட்டுக்கு அது போதாதா? புதியதன்மேல் எனக்கிருந்த மோகம் விடவில்லை.

பிறகுதான் வரலாற்றைப் படித்தேன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், 1985இல் தம் 'ஈமாக்ஸ்' மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். ஆர்டரின் ஜி.பி.எல். உரிமமும் விலை வாங்குவதைத் தடுக்கவில்லை. வாங்கியவரிடமிருந்து மூலநிரலை மறைப்பதையே தடுக்கிறது. என்னிடம் கேட்கப்பட்ட பணம், நான் இரண்டு இரவுகள் பட்ட பாட்டை எனக்காக வேறொருவர் பட்டதற்கான கூலி.

பட்ட பாடு முழுதும் வீணன்று. பின்னொரு நாள் மூலநிரலைத் திறந்து, ஒரு பொத்தானின் பெயரைத் தமிழில் எழுதி, மீண்டும் கம்பைல் செய்தேன். பூட்டி விற்கப்படும் மென்பொருளில் இது நடவாது.

இவ்வாண்டு பணம் கட்டிவிட்டேன். அம்மையார் பொங்கலுக்கு வருவதாகச் சமையற்காரர் சொல்கிறார்.